என் காக்கா ஃபெயிலான வருஷம்

காக்கா! என் செல்லக் காக்கா! நீ இருந்திருந்தால் என்னை இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "ஒரு காலர் ஒழுங்கா தைக்கத் தெரியல, இதுல கதை எழுதப் போறியா புள்ளே?" என்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாய். இப்போது குட்டுவதற்கு ஆளில்லை. உம்மா வேறு எழுதச் சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன், கோபப்படாதே.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அதிராம்பட்டினம் பக்கம் எங்கள் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்போம். அம்மா, உம்மா. அப்பா, வாப்பா. அண்ணன் பெண்டாட்டி, மச்சி. வாப்பா நாங்கள் சிறுசாக இருக்கும்போதே மவுத்தாகிவிட்டார். காக்கா எட்டாவதோடு நின்று வேலைக்குப் போனான். பிறகு சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வாங்கி நெல் மூட்டை, தேங்காய், கல்யாணத்துக்குப் பாத்திரம் என்று எதைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொண்டு போவான். நானும் எட்டாவதுதான். ஒன்பதாவது போனபோது மஞ்சள் காமாலை வந்தது. காமாலை போய்விட்டது, நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. வீட்டில் தையல் மெஷின் போட்டுவிட்டேன்.

காக்காவுக்குப் பெண் பேசினார்கள். பெண் பக்கத்துத் தெருதான். காலேஜில் இரண்டாம் வருஷம் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காக்கா அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். அவர்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கப் போனபோது, தலையில் மூட்டையோடு நின்றவனை, "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்று அதட்டியிருக்கிறாள். அதிலேயே விழுந்துவிட்டான்.

சம்பந்தம் பேச வந்த தரகர் அம்மா, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"எல்லாம் பிடிச்சிருக்கு. பொண்ணு மட்டும் ஒரு கண்டிஷன் போடுது."

"என்ன, மஹர் கூடுதலா கேக்குதா?" என்றாள் உம்மா. மஹர் என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற பணம்.

"மஹரு பத்தியெல்லாம் பேச்சே இல்லைங்க. மாப்பிள்ளை பத்தாவது பாஸ் பண்ணணுமாம். பாஸானா அடுத்த மாசமே நிக்காஹ் வச்சிக்கலாம்னு அவங்க வாப்பாவும் சொல்லிட்டாங்க."

உம்மாவுக்கு வந்ததே கோபம். "என் மவன் வண்டி ஓட்டுறான். வண்டிக்கு டீசல் ஊத்தினா ஓடும். பத்தாவது எதுக்கு? அந்தப் புள்ளைக்கு வாத்தியார் வேணும்னா பள்ளிக்கூடத்துல போயி மாப்பிள்ளை பாக்கச் சொல்லுங்க!"

கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காக்கா, வெளியே வராமலேயே குரல் கொடுத்தான். "எழுதுறேன்னு சொல்லு உம்மா."

தனியாக எழுத அவனுக்கு வெட்கம். என்னையும் இழுத்துக்கொண்டான். எங்களைப் போல நின்றுபோனவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாவது படித்த சான்று, போட்டோ, ஆதார் எல்லாம் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பாடங்களை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். ஆனால் அறிவியலுக்குச் செய்முறை வகுப்பு உண்டு. அதற்கு மட்டும் அவர்கள் சொல்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும், போகாதவர்களைப் பரீட்சைக்கு விட மாட்டார்கள். "தமிழ வீட்டுல வச்சிப் படிக்கலாம், ஆசிட்ட வீட்டுல வச்சிப் படிக்க முடியுமா, அதான்" என்று காக்கா எனக்கு விளக்கம் சொன்னான்.

முதல் நாள் வகுப்புக்குக் காக்கா கிளம்பியதைப் பார்க்க வேண்டுமே. வெள்ளைச் சட்டை, தேய்த்த பேண்ட், ஒதுக்கிய தாடி, அத்தர். கையில் ஒரு ஃபைல். நான் பர்தாவோடு பின்னால் போகிறேன். அறிவியல் அறைக்குள் அவன் காலை வைத்ததும் உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து, "வணக்கம் ஐயா" என்று ராகம் போட்டார்கள். காக்காவும் "ஒக்காருங்க ஒக்காருங்க" என்றான். அதுதான் அவன் செய்த தப்பு. அறிவியல் சார் ஓடி வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒரு பையனை அனுப்பி டீ வரவழைத்தார்.

"சார் எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?"

"அதிராம்பட்டினத்துலேருந்துங்க."

"ஓ" என்று சார் கண்ணாடிக் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். இது போன வருஷம் உடைந்தது, இதற்கு எழுதிப் போட்டிருக்கிறோம் வரவில்லை, தண்ணீர்க் குழாய் சரியில்லை. காக்கா டீயை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினான். "கொழா வாஷர் போயிருக்கும், பாத்துக்கலாம்" என்று வேறு சொல்லிவிட்டான். எனக்குப் பர்தாவுக்குள் வேர்த்துக் கொட்டியது.

கடைசியில் சார் என்னைப் பார்த்து, "மேடமும் ஆபீஸ்தானா?" என்றார்.

"இல்லைங்க, என் தங்கச்சி. அவளும் எழுதுறா."

"என்ன எழுதுறாங்க?"

"பத்தாவதுங்க."

சார் காலி டம்ளரைப் பார்த்தார். "டீயக் குடிச்சிட்டீங்க, போவட்டும். எந்திரிச்சி கடைசி பெஞ்சுக்குப் போங்க தம்பி" என்றார். அந்த வகுப்புகள் முடிகிற வரைக்கும் பிள்ளைகள் காக்காவை 'ஆபீஸர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த வகுப்புக்குப் போகும்போது அவன் மறக்காமல் வாஷர் வாங்கிக்கொண்டு போய் அந்தக் குழாயைச் சரி பண்ணினான்.

படிப்பு எல்லாம் வண்டியில்தான். அறுவடை நேரத்தில் திருத்துறைப்பூண்டி நெல் கொள்முதல் நிலையத்தில் வண்டிகள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். ஈரப்பதம் பார்த்து, தூற்றி, எடை போட்டு முடிவதற்குள் ஒரு பகல் போய்விடும். அந்த வரிசையில் காக்கா ஸ்டியரிங் மேல் புத்தகத்தை விரித்து வைத்து சத்தம் போட்டுப் படிப்பான். மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். "ஏய், மாப்பிள்ளைக்கி இதயத்துல எத்தனை அறைன்னு கேளுடா." "நாலு. ஆனா இப்ப நாலுலயும் ஒரே ஆளுதான் குடியிருக்கு." இப்படித்தான் ஒருவாறு பரீட்சையையும் எழுதி முடித்தோம்.

ரிசல்ட் வருகிற அன்று உம்மா விடிவதற்கு முன்பே கிளம்பி நாகூர் தர்காவுக்குப் போய்விட்டாள், மகனுக்காக நேர்ந்துகொள்ள. நானும் காக்காவும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் என் நம்பரைப் போட்டேன். கணக்கில் போய்விட்டேன். அவன் நம்பரைப் போட்டேன். எல்லாவற்றிலும் பாஸ். அறிவியல் மட்டும் நூலிழையில் நின்றிருந்தது, ஆனாலும் பாஸ். காக்கா போனைப் பிடுங்கி ஸ்கிரீனுக்கு முத்தம் கொடுத்தான். என் ஞாபகம் வந்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. "நீ அடுத்த தடவ பண்ணிருவே" என்று சொல்லிக்கொண்டே பெட்டி நிறைய லட்டு வாங்க ஓடிவிட்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மச்சி வந்தாள். அப்போது மச்சி ஆகவில்லை, பேசி வைத்த பெண்தான். கையில் ஒரு சுடிதார். இடுப்பில் பிடிக்க வேண்டும் என்றாள். பிடிக்கவே வேண்டியதில்லை, சரியாகத்தான் இருந்தது.

"ரிசல்ட் வந்திருச்சா?" என்றாள், நூல்கண்டைப் பார்த்துக்கொண்டே.

"நான் அவுட்டு. காக்கா பாஸு!" என்றேன்.

அவள் முகம் போன போக்கை என்ன சொல்வது. "பாஸா? அறிவியல்லயுமா?"

"எல்லாத்துலயும். ஏன், சந்தோஷமா இல்லையா?"

பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எட்டாவது படிச்ச ஆளு, எப்படியும் ரெண்டு மூணு தடவ எழுதுவாங்க, அதுக்குள்ள நான் டிகிரி முடிச்சிரலாம்னு கணக்குப் போட்டேன். மொதத் தடவயே பாஸாயிட்டாங்களே!"

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க வாப்பா நிக்காஹ் ஆனா காலேஜ் வேணாம்னுட்டாங்க. சரி, கெஞ்சிக் கூத்தாடி போறேன்னே வையுங்க. நிக்காஹுக்கு அப்புறம் எத்தனை வீட்டுல விருந்து? நாப்பது நாளு பட்டுப்பொடவையக் கட்டிக்கிட்டு வீடு வீடாப் போயி பிரியாணி தின்னா அட்டெண்டன்ஸ் எங்கேருந்து வரும்? அட்டெண்டன்ஸ் கொறைஞ்சா ஹால் டிக்கெட்டே குடுக்க மாட்டாங்க. போன செமஸ்டர்ல ஒரு அரியர் வேற இருக்கு. ப்ராஜெக்ட் வேற வைக்கணும்." சொல்லச் சொல்லக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க காக்கா மேல கோவம் இல்ல. நல்லாத்தான் படிச்சிருக்காங்க."

சுடிதாரை விட்டுவிட்டுப் போய்விட்டாள். காக்கா லட்டுப் பெட்டியோடு வந்தான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவளைத் திட்டுவான் என்று நினைத்தேன். தன்னை மக்கு என்று கணக்குப் போட்டுவிட்டாளே என்று ரோஷம் வரும் என்றும் நினைத்தேன். அவன் வாசலில் நின்ற வண்டியின் பின்பலகையில் போய் உட்கார்ந்து ஒரு லட்டைத் தின்றான். இன்னொன்றும் தின்றான்.

"உம்மாக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டியா?"

"இல்ல, வரட்டும்னு இருந்தேன்."

"அப்ப நான் ஃபெயிலு."

"என்ன காக்கா சொல்றே?"

"ஒரு வருசம்தானே புள்ளே. பாஸு எங்க போயிரப் போவுது? உள்ளயே கெடக்கட்டும். என் நம்பர வேற யாரு போட்டுப் பாக்கப் போறா? நீ பேசாம இரு."

"ஊரே சிரிக்கும் காக்கா."

"இப்ப மட்டும் ஆபீஸர்னு சிரிக்கலியா?"

அன்று சாயங்காலம் உம்மா தர்காவிலிருந்து சர்க்கரையும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தாள். காக்கா தலையைக் குனிந்து நின்றான். நடிப்பு அவனுக்கு வராது. சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்தான், அது பார்க்க அழுகை மாதிரியே இருந்தது. "அறிவியல்ல போயிருச்சு உம்மா" என்றான். உம்மா அவன் தலையைத் தடவி, "நான்தான் போற வழியில பஸ்ஸுல தூங்கிட்டேன், துஆ பாதியில நின்னுபோச்சு" என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டேன். அங்கே லட்டுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதை மறுநாள் காக்கா திருத்துறைப்பூண்டிக்கு எடுத்துப் போய் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்தானாம். "என்னடா விசேஷம்?" என்றார்களாம். "ஃபெயிலாயிட்டேன்" என்றானாம். ஃபெயிலுக்கு லட்டு கொடுத்த மாப்பிள்ளை என்று அந்தப் பக்கம் ரொம்ப நாள் பேச்சு.

நான் சுடிதாரைக் கொடுக்கப் போனபோது மச்சியின் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டேன். அவள் சுடிதாரை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அது சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலேயே உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம் காக்கா வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. டீக்கடையில், "மாப்ளே, பாடப் புத்தகத்த மாத்திட்டாங்களாம், புதுசா வாங்கிக்கடா" என்பார்கள். "பொறக்கப்போற ஒம் புள்ளையும் நீயும் ஒண்ணா எழுதிருங்க, ஒரே செலவாப் போவும்" என்பார்கள். பள்ளிவாசலில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஹஜ்ரத் துஆ கேட்டபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி இவனைப் பார்த்துவிட்டு, அதிகமாக ஒரு ஆமீன் போட்டார்களாம். இவனும் போட்டிருக்கிறான்.

துணைத்தேர்வு வந்தது. அதற்கடுத்த வருஷப் பரீட்சையும் வந்தது. நான் நிஜமாகவே கணக்கு எழுதப் போனேன். அவன் எழுதுவதற்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் கிளம்ப வேண்டுமே. உம்மா ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்துவிட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு கிளம்புவான். என்னை இறக்கிவிட்டுவிட்டு நெல் ஏற்றப் போய்விடுவான். ஒரு தடவை பரீட்சை நேரத்தில் திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் எங்கள் தெருக்காரர் ஒருவர் அவனைப் பிடித்துவிட்டார்.

"என்ன தம்பி, இன்னைக்குப் பரீட்சையில்ல?"

"கேள்வித்தாள் ரொம்ப லேசா இருந்துச்சு. அரைமணி நேரத்துல முடிச்சிட்டு வந்துட்டேன்."

"அப்ப இந்தத் தடவையும் ஃபெயிலுதான்" என்றாராம் அவர்.

மச்சியின் கடைசிப் பரீட்சை முடிந்தது. அரியரும் முடிந்தது. அந்த மே மாதம் ரிசல்ட் வந்த அன்று காக்கா ஒரு வருஷம் உள்ளே கிடந்த பாஸை வெளியே எடுத்தான். உம்மா தெரு முழுக்க ஓடி ஓடிச் சொன்னாள். நான் மறுபடியும் கணக்கில் போய்விட்டேன், அதை யாரும் கேட்கவில்லை. மச்சியின் வாப்பா மார்க் ஷீட்டைக் கொண்டு வரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதில் பாஸான வருஷம் போட்டிருக்குமே, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் அறிவியல் மார்க்கில் விரலை வைத்தார். "மூணு தடவ எழுதியும் இவ்வளவுதானா?" என்றார். மடித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் நிக்காஹ்.

பட்டமளிப்பு அன்று காக்கா வண்டியைக் கழுவி, முன்சீட்டில் துண்டு விரித்து மச்சியை உட்கார வைத்துக் கூட்டிப் போனான். நான் பின்னால், மூட்டை வைக்கிற இடத்தில். மச்சி பர்தாவுக்கு மேல் கருப்பு அங்கி போட்டுக்கொண்டாள். காக்கா போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டு, "எது அங்கி எது பர்தான்னே தெரியலியே" என்றான். அவள் பேரைக் கூப்பிட்டதும் விசில் அடித்தான். பக்கத்தில் இருந்தவர், "ஒங்க மனைவியா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். "பத்தாவது, மூணாவது அட்டெம்ப்டு" என்று பெருமையாகச் சொன்னான். அப்படிச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிப் போயிருந்தது.

இப்போது எழுதக் கை வராத இடம் வந்துவிட்டது. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசி மழையில் வண்டி சேற்றில் மாட்டி, ராத்திரி முழுக்க நனைந்துகொண்டு வந்தான். காய்ச்சல். நெஞ்சில் சளி இறங்கிவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். வண்டியில் அவன் ஓட்டாமல் படுத்துக்கொண்டு போனது அன்றைக்குத்தான். "யாரு ஓட்டுறது, கிளட்ச்ச இப்படிப் போட்டு மிதிக்கிறான்" என்று முனகினான். அதற்குப் பிறகு அவன் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

எங்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு வீட்டில் உம்மா, மச்சி, நான், அக்கம்பக்கத்துப் பெண்கள். அடக்கம் முடிந்ததும் கபர் பக்கத்தில் உட்கார்ந்து தல்கீன் ஓதுவார்கள். வானவர்கள் வந்து உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார் என்று கேட்பார்கள், இன்னின்ன பதில் சொல் என்று மவுத்தானவருக்குச் சொல்லிக் கொடுக்கிற ஓதல் அது. உம்மா அதுவரை அழாமல் இருந்தாள். தல்கீன் நேரம் வந்திருக்கும் என்று யாரோ சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளே, அவன் எதையும் மூணு தடவ எழுதித்தானே பாஸாவான். இது ஒரே தடவதானேடி. அந்தக் கேள்விக்கு எம் புள்ள எப்படிப் பதில் சொல்லுவான்? தெணறுவானே, அல்லாவே, எம் புள்ள தெணறுவானே!"

நானும் மச்சியும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். மச்சி எழுந்து வந்து உம்மாவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"மாமி, அவங்க மூணு தடவ எழுதல. மொதத் தடவயே பாஸு. எல்லாப் பாடத்துலயும் பாஸு. நான் படிப்ப முடிக்கணும்னுதான் ஃபெயில்னு சொன்னாங்க."

உம்மா புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப அந்த ஒரு வருசமும்?"

"நெசமா ஃபெயிலானது நான் மட்டும்தான் உம்மா."

"நான் ரெண்டாவது தடவ நாகூருக்குப் போனேனே? ஓதித் தண்ணி குடுத்தேனே? ரெண்டு பேனாவ வச்சிக்கிட்டு எங்கடி போனான்?"

"நெல்லு ஏத்த."

உம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மவுத்து வீட்டில் அப்படிச் சத்தம் போடக் கூடாதென்று யாரோ தோளைப் பிடித்தார்கள். "களவாணிப் பய" என்றாள். "பெத்தவக்கிட்டயே ஃபெயில்னு சொல்லியிருக்கான் பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதுவரை பிடித்திருந்த என் கையை விட்டாள். "அப்பச் சொல்லிருவான்" என்றாள். "மொதத் தடவயே சொல்லிருவான்."

புருஷன் மவுத்தானால் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்து மச்சி இப்போது வேலைக்குப் போகிறாள். இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். ராத்திரியில் எனக்கும் சொல்லிக் கொடுக்கிறாள், நான் இன்னும் அந்தப் பாடத்தில் தேறவில்லை. போன வாரம் டீக்கடைக்காரர் உம்மாவிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி, "பாவம், மூணாவது தடவதான் பாஸானாலும் தங்கமான பையன்" என்று சொல்லியிருக்கிறார். உம்மா வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கினாள். "ஒனக்கு எழுதத் தெரியும்ல? எழுது. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். என் காக்கா முதல் தடவையே பாஸ். டீக்கடையில் சிரித்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும். கபரிலும் அவன் பதில் சொல்லியிருப்பான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாஸானதை வெளியே சொல்கிற ஆள் இல்லை அவன், அதனால் எனக்குத் தெரிய வழியில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், ஒரு நிமிஷம் அவனுக்காகக் கேளுங்கள். அவன் கபர் விசாலமாக இருக்கட்டும், கேள்விகள் அவனுக்கு லேசாக இருக்கட்டும். எங்கள் ஆட்கள் துஆ செய்யுங்கள், மற்றவர்கள் உங்கள் சாமியிடம் சொல்லுங்கள். அவனுக்குப் பெயர் தேவையில்லை. ஆபீஸர் என்று சொன்னால் போதும்.